நின்றே வேலை செய்பவர்களின் குதிகால் வலி: வேலையை விடாமல் வலியைக் குறைக்கும் வரிசை

மும்பை மாட்டுங்காவில் ஒரு டிபன் கடையில், தோசைக்கல்லுக்கு முன்னால் நாளுக்கு 11 மணி நேரம் நின்று 19 ஆண்டுகள் வேலை செய்தேன். அவற்றில் 14 மாதங்கள் வலது குதிகாலைத் தரையில் முழுதாக ஊன்ற முடியாத நிலையில் கழிந்தன. இப்போது தாராவியில் சிறிய சமையற்கூடம் ஒன்றை நடத்துகிறேன். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது, வந்த நான்காம் மாதம் ஐந்தாம் மாதம் நொண்டத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் செய்வதில் பெரும்பாலானவை நல்ல காரியங்கள்தாம், வரிசைதான் தவறு. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து, பயனில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். எனவே இங்கே வரிசையையே முக்கியமாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் வேண்டியவை அதிகமில்லை: ஒரு சிறு நோட்டு, ஒரு துண்டு, தண்ணீர் நிரப்பி உறையவைத்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், வீட்டுக்குள் போட ஒரு ஜோடி தனிச் செருப்பு, வேலைக்கு ஒரு நல்ல ஷூ. இவற்றோடு மூன்று மாதம் பொறுக்கும் மனமும் வேண்டும்.

1. இது எந்த வலி என்று முதலில் உறுதி செய்யுங்கள்

குதிகால் எலும்பின் அடியில், சற்று உட்பக்கமாகத் தொடங்கி விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். தாங்கும் அளவுக்கு மேல் நாள்தோறும் சுமை ஏறினால், அந்தப் பட்டை எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்து தடித்துப்போகிறது. டாக்டர் சீட்டில் பிளாண்டர் ஃபேசைட்டிஸ் என்று எழுதுவது இதைத்தான். நின்று வேலை செய்பவர்களுக்கு வரும் குதிகால் வலியில் பெரும்பகுதி இதுவே. இந்த வழிகாட்டியும் இதற்கே உரியது.

அடையாளம் தெளிவானது. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் முள் குத்தியதுபோல் வலி இருக்கும். பத்து இருபது அடி நடந்ததும் குறையும். உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி குத்தும். நாள் முடிவில் கனமான வலியாகத் திரும்பும். கட்டைவிரலால் குதிகாலின் அடியில் உட்பக்கமாக அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில் துடிக்கும்.

குதிகாலின் பின்புறம், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தசைநாண் ஒட்டும் இடத்தில் வலித்தால் அது வேறு. அடியின் நட்டநடுவில், கல்லின்மேல் நிற்பதுபோல் வலித்து, நிற்க நிற்க அதிகமாகிக்கொண்டே போனால், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்புத் திண்டு தேய்ந்திருக்கலாம்; அதற்கு நீட்டல் பயிற்சியைவிட மெத்தென்ற அடிப்பாகம்தான் உதவும். உள்ளங்காலில் எரிச்சலும் மரமரப்பும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் இருந்தால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது. இவற்றைப் பிரித்தறியாமல் ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் செய்வதுதான் முதல் தவறு.

எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் பதறாதீர்கள். எங்களிடம் இருந்த 41 வயது பரோட்டா மாஸ்டர் ஒருவர் எக்ஸ்ரே உறையை வெளிச்சத்தில் பிடித்தபடி வந்து நின்றார். “எலும்பு வளந்துருக்காம்லா அண்ணாச்சி, அறுத்துத்தான் எடுக்கணுமாம்” என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் நடுங்கியது. குதிகாலில் அப்படி முள் வளர்ந்தும் வலியே இல்லாமல் இருப்பவர்கள் பலர் உண்டு. முள்ளே இல்லாமல் வலியால் துடிப்பவர்களும் உண்டு. வலிக்குக் காரணம் பட்டைதான். அந்த மாஸ்டர் எதையும் அறுக்காமல், ஏழு மாதத்தில் பழையபடி கல்லின் முன் நின்றார். முள் இன்றும் அங்கேயே இருக்கும்.

2. இவை இருந்தால் இங்கேயே நிறுத்தி டாக்டரிடம் போங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தாம் பின்னால் அதிகம் துன்பப்படுகிறார்கள்.

இரண்டு உள்ளங்கைகளாலும் குதிகாலின் இரு பக்கங்களையும் பிடித்து அழுத்துங்கள். அப்போது வலி தாங்க முடியாமல் இருந்தால் எலும்பில் நுண்முறிவு இருக்க வாய்ப்புண்டு. தொடக்க நாட்களில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், அழுத்தும்போது வலிக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கீழே விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை, குதிகால் சிவந்து வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சல், படுத்திருக்கும்போதும் இரவில் விடாத வலி ஆகியவையும் காத்திருக்கக்கூடாதவை.

நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு இரண்டு குதிகாலிலும் வலி இருந்து, காலையில் இடுப்பும் முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொண்டால், அது மூட்டுவாத நோயின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேறு மருந்தும் வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் எந்தப் பயிற்சிக்கும் முன்பு பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஐஸும் வெந்நீரும் ஆபத்து.

மும்பையில் சயான் ஆஸ்பத்திரியின் காலை ஓபிடியில் (புறநோயாளிப் பிரிவில்) கேஸ் பேப்பர் என்னும் பதிவுச்சீட்டை எடுத்து எலும்புப் பிரிவில் காட்டினால், அங்கிருந்தே பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். ஹாஜி அலிக்கு அருகில், 1955 முதல் இயங்கும் மத்திய அரசின் உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனத்தில் பாதத்துக்கேற்ற தாங்கிகளைச் செய்து தரும் பிரிவும் உண்டு. அரை நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்ட ஐந்து மாதங்கள்தாம் என் வலியை 14 மாதமாக நீட்டின.

3. ஒரு வாரம் எழுதி வையுங்கள்

காலையில் முதல் அடி வைத்ததும், பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு ஒரு மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுங்கள். அதன் பக்கத்தில், முந்தைய நாள் எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எந்தச் செருப்பு, எத்தனை படி ஏறி இறங்கினீர்கள் என்று குறியுங்கள்.

காரணம் இதுதான்: இந்தப் பட்டை அதிகச் சுமையை அன்றே காட்டிக்கொடுப்பதில்லை, மறுநாள் காலையில்தான் சொல்கிறது. வேலையின் சூட்டில் வலி தெரியாமல் இருக்கும். அதை நம்பி இன்னும் இரண்டு மணி நேரம் நின்றுவிடுவோம். நோட்டைப் பார்த்தபோதுதான், என் வலியைக் கூட்டியது தோசைக்கல் மட்டுமல்ல என்று எனக்குத் தெரிந்தது. அம்பர்நாத்திலிருந்து தாதர்வரை லோக்கல் ரயிலில் நின்றுவரும் ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணமும் ஒரு காரணமாக இருந்தது. ஞாயிறு வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்து வந்த மறுநாள் காலையில் மட்டும் மதிப்பெண் இரண்டு குறைந்திருந்தது. அதன்பிறகு வேலைக்குக் கிளம்பும் நேரத்தை மாற்றி, அம்பர்நாத்திலேயே புறப்படும் வண்டியில் ஏறினேன்.

4. காலையின் முதல் அடி

இரவு முழுவதும் பாதம் தொய்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கிய நிலையில் இருக்கிறது. எழுந்த வேகத்தில் முழு எடையையும் அதன்மேல் வைத்தால், ஆறிவந்த இடம் மறுபடி இழுபடுகிறது. ஆகவே தரையில் கால் வைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

பாயிலேயே எழுந்து உட்காருங்கள். வலிக்கும் காலை மற்றத் தொடையின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால்விரல்கள் ஐந்தையும் அடியோடு பிடித்து முழங்காலை நோக்கி மேலே இழுங்கள். மற்றக் கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். தந்திபோல் ஒரு பட்டை விறைத்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இழுத்தது போதாது. பத்து விநாடி பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. நாளில் மூன்று வேளை செய்ய வேண்டும், அதில் ஒரு வேளை கட்டாயம் எழுந்தவுடன்.

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு தடை உண்டு. எழுந்தவுடன் பொதுக் கழிப்பறை வரிசைக்கு ஓட வேண்டியிருக்கும்போது யார் உட்கார்ந்து விரலை இழுப்பார்கள்? மூன்று நிமிடம் முன்னால் அலாரம் வையுங்கள், அவ்வளவுதான். செருப்பைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு, காலில் மாட்டிய பிறகே எழுந்து நில்லுங்கள். பரணில் படுப்பவர்கள் இரும்பு ஏணியில் இறங்கும்போது பாதத்தின் நடுவளைவைக் கம்பியில் வைத்து இறங்குகிறார்கள். சுருங்கிக் கிடக்கும் பட்டையின்மேல் முழு உடம்பின் எடையையும் ஒரு கம்பியால் அழுத்துவது அது. வலி தீரும்வரை கீழே படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் அடி தடித்த செருப்போடு இறங்குங்கள்.

5. காலில் போடுவது: வீட்டில், வழியில், வேலையில்

புதியவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள், அதுவும் ஷூவில் அல்ல, சிலிக்கான் ஹீல் பேடில். ஒரு தம்பி இரண்டு பேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். குதிகால் ஷூவின் பின்விளிம்புக்கு மேலே எழும்பி, நடக்கும்போது நழுவி, பின்புறத்தில் புண்ணும் வந்தது. தொய்ந்துபோன ஷூவுக்குள் நல்ல பேடை வைப்பது, சரிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல.

முதலில் வீட்டுத் தரையைக் கவனியுங்கள். வெறுங்காலில் டைல்ஸ்மேலும் கடப்பாக் கல்மேலும் நிற்பது நம் வழக்கம். சமையலறைக்குள் செருப்பா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். வெளியே போடாத, கழுவிவைத்த தனி ஜோடி என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். அந்த ஜோடி தட்டையான ஹவாய் செருப்பாக இருக்கக்கூடாது. நடுவில் வளைவைத் தாங்கும் மேடும், குதிகால் பக்கம் விரல்பக்கத்தைவிடச் சிறிது உயரமும் இருக்க வேண்டும்.

வேலைக்கான ஷூவைக் கடையில் மூன்று விதமாகச் சோதியுங்கள். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் எளிதில் உள்ளே மடங்கக்கூடாது. முன்னும் பின்னும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் அல்ல. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் இறுக்கமாக எதிர்க்க வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள், ஏனென்றால் நின்று வேலை செய்தவரின் பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்திய ஷூ மாலையில் இறுக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியான பிறகு இன்சோல் பற்றி யோசிக்கலாம். கடையில் கிடைக்கும், வளைவைத் தாங்கும் சாதாரண இன்சோலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். பாதத்தை அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த இன்சோல் இந்த வலிக்கு அதைவிட மேலான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாதம் மிகவும் தட்டையாகவோ கோணலாகவோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வலி ஒரு காலில்தான் என்றாலும் இரண்டு ஷூவிலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் ஏறி நிற்கும்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை மழையில் பலர் கம்பூட்டு எனும் ரப்பர் பூட்ஸுக்கு மாறிவிடுகிறார்கள். அதன் அடிப்பாகம் பலகைபோல் தட்டை. ஆறிவந்த வலி மழைக்காலத்தில் திரும்புவதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்றுக்கும் காரணம் கம்பூட்டுதான். அதற்குள்ளும் அதே இன்சோலை வையுங்கள். இரவில் வெளியே எடுத்துக் காயவைக்க மறக்காதீர்கள்.

6. நிற்கும் இடத்தைத் திருத்துங்கள்

சிமெண்டுத் தரை அசையாது. நிற்கும் நாம்தான் அசைய வேண்டும். ஒரே நிலையில் விறைத்து நிற்பது, நடப்பதைவிட அதிகமாகக் குதிகாலை வாட்டுகிறது.

தோசைக்கல்லுக்கோ துணிக்கடைக் கவுண்டருக்கோ அடியில் ஒரு செங்கலை அல்லது முக்கால் சாண் உயரப் பலகையை வைத்து, ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை காலை மாற்றுங்கள். ஊன்றிய காலில் குதிகாலின் எடை சிறிது முன்பாதத்துக்கும் போகும்படி முழங்காலை இறுக்காமல் நில்லுங்கள்.

தடித்த ரப்பர் பாய் ஒன்று காலுக்கடியில் இருந்தால் பெரிய மாற்றம் தெரியும். சாக்கை மடித்துப் போடுவது சமையற்கட்டில் நடப்பதுதான், ஆனால் எண்ணெயும் தண்ணீரும் பட்ட சாக்கு வழுக்கும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அதைப் போடவே கூடாது. ஓரம் சரிவாக இறங்கும், வழுக்காத ரப்பர் பாயை முதலாளியிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

7. நிற்கும் நேரத்தை உடையுங்கள்

ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொல்வது எளிது. நாள்கூலிக்காரருக்கு ஒரு மாத ஓய்வு என்பது ஊருக்குப் போகும் பணம் நின்றுபோவது. ஆனால் பட்டைக்கு வேண்டியது மொத்த ஓய்வு அல்ல, தொடர்ந்து ஏறும் சுமைக்கு நடுநடுவே இடைவெளி. ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாக நின்றுவிட்டு ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, முக்கால் மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் உட்காருவது பட்டையைக் காக்கும்.

கேட்கும் விதம் முக்கியம். “சேட், கால் வலிக்குது” என்று நான் கேட்ட நாட்களில் எதுவும் கிடைக்கவில்லை. “வெங்காயம் உரிக்கிறது, சட்னி அரைக்கிறது ரெண்டையும் உட்கார்ந்து செய்யறேன், பதினோரு மணிக்கு மேல கல்லுல நிக்கறேன்” என்று வேலையைப் பிரித்துக் காட்டியபோது ஸ்டூல் கிடைத்தது. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்குச் சட்டமே துணை. நின்று வேலை செய்ய வேண்டியவர்கள் இடையில் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கடைகளில் உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டமாக்கின. அவை மும்பைக் கடைக்குப் பொருந்தா என்றாலும், ஊரில் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு நாற்காலி கிடைத்ததை எடுத்துச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும், எழுவதற்கு முன் பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் அசையுங்கள். உட்கார்ந்தபின் வைக்கும் முதல் அடியும் காலை அடியைப் போன்றதே.

8. வேலை முடிந்த பிறகு

உறைந்த பாட்டிலை ஒரு மெல்லிய துணியில் சுற்றித் தரையில் படுக்கவைத்து, உட்கார்ந்தபடி அதன்மேல் உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து விரல்வரை உருட்டுங்கள். பத்து நிமிடம் போதும். இது வலியைத் தணிக்கும், பட்டையைக் குணமாக்காது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம்.

பிறகு கெண்டைக்கால். கெண்டைக்கால் இறுகியிருந்தால் ஒவ்வொரு அடியிலும் பட்டையின் இழுவிசை கூடுகிறது. சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னே சாயுங்கள். முழங்காலை நீட்டியபடி 30 விநாடி, சற்று மடித்தபடி 30 விநாடி, இரண்டும் மும்மூன்று முறை. மடித்துச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆழத்தில் இருக்கும் தசை நீள்வது அப்போதுதான்.

செங்கல் ஒத்தடம் பற்றிக் கேட்காதவர் இல்லை. செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை வைத்து, அதன்மேல் குதிகாலை வைப்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது. வெப்பம் கெண்டைக்காலைத் தளர்த்தி இதம் தருவது உண்மை. ஆனால் சர்க்கரை உள்ள என் அத்தை ஒருநாள் அப்படிக் காலை வைத்துக்கொண்டு தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். காலை எடுத்தபோது செங்கல்லில் ஈரம் படிந்திருந்தது. குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்திருந்தது, அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று. பாதத்தில் உணர்ச்சி முழுதாக இருப்பவர்கள் மட்டும், முழங்கையில் வைத்துச் சூடு பார்த்தபிறகு செய்யுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதி. கையை உடனே கழுவிவிடுங்கள்.

9. வலுவேற்றுங்கள்

இதுவரை சொன்னவை சுமையைக் குறைப்பவை. சுமையைக் குறைத்தே வாழ்நாளெல்லாம் நிற்க முடியாது. பட்டையும் கெண்டைக்காலும் பழைய சுமையைத் தாங்கும் அளவுக்கு வலுப்பெற வேண்டும். காலை மதிப்பெண் ஐந்துக்குக் கீழே இறங்கியதும் இதைத் தொடங்குங்கள். அதற்குமுன் தொடங்கி, வலி கூடி, பயிற்சியே ஆகாது என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துண்டைச் சுருட்டி, ஒரு படியின் விளிம்பில் வையுங்கள். விரல்கள் துண்டின்மேல் மேல்நோக்கி மடங்கியிருக்க, முன்பாதம் படியில் ஊன்றியிருக்க, குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். மூன்று விநாடி எடுத்துக் குதிகாலை உயர்த்துங்கள். உச்சியில் இரண்டு விநாடி நில்லுங்கள். மூன்று விநாடி எடுத்து இறக்குங்கள். விரல்களை மடக்கிவைப்பது எதற்கென்றால், அப்போதுதான் பட்டை விறைத்து, சுமை கெண்டைக்காலோடு நிற்காமல் அதன்மேலும் ஏறும்.

முதல் இரண்டு வாரம் இரண்டு கால்களாலும் செய்யுங்கள். பிறகு வலிக்கும் காலால் மட்டும், 12 முறை வீதம் மூன்று சுற்று. அது எளிதானால், முதுகுப் பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு 10 முறை வீதம் நான்கு சுற்று. பிறகு ஐந்து கிலோவோடு 8 முறை வீதம் ஐந்து சுற்று. ஒன்றுவிட்டு ஒருநாள்தான் செய்ய வேண்டும், நாள்தோறும் அல்ல, ஏனெனில் ஏற்றிய சுமைக்குப் பட்டை தன்னைச் சரிசெய்துகொள்ள ஒருநாள் இடைவெளி வேண்டும். ஆர்வத்தில் தினமும் செய்வதுதான் இளைஞர்களின் வழக்கமான தவறு.

டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் மூன்றாம் மாத முடிவில், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இருசாராரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தார்கள். கூலியை நம்பி நிற்பவருக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள் சிறியவை அல்ல என்பதால்தான் இதை நான் வலியுறுத்துகிறேன்.

செய்யும்போது பத்துக்கு நான்குவரை வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை மதிப்பெண் வழக்கத்தைவிட இரண்டு கூடினால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

10. மாத்திரை, ஊசி, டேப்

டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கி விழுங்கிவிட்டு நிற்பது எங்கள் தொழிலில் மிகுதி. அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதைவிடக் கெடுதல், மறுநாள் காலை சொல்ல வேண்டிய எச்சரிக்கையை அவை அடக்கிவிடுகின்றன. டாக்டர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும் போதும்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். ஒரு கிளினிக்கில் மூன்று மாதத்துக்குள் எனக்கு இரண்டு முறை போட்டார்கள். முதல் ஊசிக்குப் பிறகு வலி போய்விட்டது என்று நம்பி இரட்டை ஷிப்ட் பார்த்தேன். ஆறாம் வாரம் முன்னைவிட மோசமானது. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும் குதிகால் கொழுப்பு தேயவும் வாய்ப்புண்டு என்று யாரும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டால், வலி குறைந்த அந்த வாரங்களைக் கூடுதல் வேலைக்கு அல்ல, மேலே சொன்ன பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்.

கல்யாணச் சமையல், கோவில் கொடை என்று வெறுங்காலில் நீண்டநேரம் நிற்க வேண்டிய நாட்களுக்கு, வளைவைத் தாங்கும்படி டேப் ஒட்டும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாளுக்கு அது கைகொடுக்கும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால், அதிர்வலைச் சிகிச்சை (ஷாக்வேவ்) பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அறுவைச் சிகிச்சைவரை போக வேண்டியவர்கள் மிகச் சிலரே.

11. எவ்வளவு நாள் ஆகும், மறுபடி வந்தால் என்ன செய்வது

பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது. ஒழுங்காகச் செய்பவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் மாற்றத்தை உணர்கிறார்கள். நேர்கோட்டில் இறங்காது. ஒரு வாரம் மூன்று, அடுத்த வாரம் ஐந்து என்று ஏறி இறங்கும். நோட்டில் நான்கு வாரங்களைச் சேர்த்துப் பாருங்கள், இரண்டு நாட்களை அல்ல.

காலை மதிப்பெண் தொடர்ந்து மூன்று வாரம் ஒன்றைத் தாண்டாவிட்டால், நிற்கும் நேரத்தை வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் கூட்டுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரேயடியாக முழு ஷிப்டுக்குத் திரும்பாதீர்கள். படியில் செய்யும் பயிற்சியை அதன்பிறகும் வாரம் இருமுறை தொடருங்கள்.

மறுபடி குத்தத் தொடங்கினால் ஊசியிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டாம் படியின் எச்சரிக்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். நோட்டை மறுபடி எடுத்து, நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள்.